துளைக்குக் காவல்

நாற்பத்தோராவது வரிசையில் நின்றுபோயிற்று.
பன்னிரண்டு நாளாகிறது,
ஊசிமுனைகளில் ரப்பர் மாட்டி
கைப்பையின் அடியில் போட்டு.

மும்பையில் எவள் கம்பளி பின்னுவாள் என்பீர்கள்.
இந்த ஊருக்கும் குளிர்காலம் உண்டு:
லோயர் பரேலில், பதினான்காம் மாடியில்,
பதினெட்டு டிகிரியில், வருஷம் பூராவும்.
அங்கே என் அடுத்த நாற்காலியில்
தும்மித் தும்மி பில் சரிபார்க்கும்
சுலக்ஷணா காம்ப்ளேவுக்கு ஒரு சால்வை.
டிசைன்? உன் இஷ்டம் என்றாள்.
அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டு
கட்டம்போட்ட நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பினேன்,
ஊர் எதையாவது தராதா என்று.
செம்பூரில் தூறல். வடாலாவில் மழை.
சிவ்ரியில் ஃபிளமிங்கோக்கள் இல்லை
(எப்போதோ போய்விட்டன, விவரம் தெரிந்தவை),
சேறு மட்டும், தன் நிறத்தில்.

ஜன்னல் கம்பியின் டைமண்டு
போன வருஷமே மஃப்ளராகிவிட்டது.
கூரைகளின் நீலத் தார்ப்பாய், எல்லோரும் எடுக்கிற நீலம்.
எதிர் சீட்டுக்காரியின் துப்பட்டா நிறைய மாங்காய்;
மாங்காய் எனக்குச் சாப்பிடுவதோடு சரி.
மஸ்ஜித் பந்தர் கடையில் கரண்ட் இல்லை.
ஜயந்திலால் மொபைல் வெளிச்சத்தில்
கண்டு கண்டாக எடுத்துக் காட்டினார்:
இது பிஸ்தா, இது வெங்காயத்தோல், இது மயில்கழுத்து.
எல்லாமே நனைந்த நாயின் நிறத்தில் இருந்தன.
மரியாதைக்கு ஒரு கண்டு சிவப்பு வாங்கினேன்.

திரும்பும்போது வண்டி வடாலாவில் படுத்துவிட்டது.
சுனாபட்டியில் தண்டவாளமே தெரியவில்லையாம்.
இறங்கி நடந்தேன் கிங்ஸ் சர்க்கிள் பக்கமாக,
செருப்பு கையில், பை தலையில்,
நோட்டு கூழாகி எங்கோ.

காந்தி மார்க்கெட் முன்னால் தொடையளவு தண்ணீர்.
நடுவில் ஒருவர்.
மூங்கில் கழி, நுனியில் சிவப்புத் துணி,
காலடியில் மூடி போன பாதாளச் சாக்கடை.
இடப்பக்கம், இடப்பக்கமாய்ப் போங்க,
கட்டிப்போன தொண்டையில்.

கூட்டம் வந்தது. அவரிடம் வந்ததும் பிளந்தது.
பள்ளிப் பையன்கள் இருவர் ஒருவராக ஒட்டிக்கொண்டார்கள்.
சிலிண்டர்காரர் உடம்பைச் சாய்த்துப் போனார்.
தள்ளப்பட்டு வந்த ஆட்டோ கொஞ்சம் யோசித்தது.
துளையைத் தாண்டியதும் எல்லோரும்
பழைய இடைவெளிக்குத் திரும்பி நடந்தார்கள்.

இரண்டைச் சேர்த்து ஒன்றாக எடு.
நூலை ஒருமுறை வெறுமனே சுற்று.
குறைந்தது ஒன்று, கூடியது ஒன்று;
ஓட்டை விழும், கண்ணி விழாது.
பத்து வருஷமாகப் பின்னுகிற ஓட்டைதான்.
சுற்றிச் சரிகிற கண்ணிகளுக்கு
இன்றைக்குத்தான் முகம் பார்த்தேன்.

மூடிய கடையின் படியேறி நின்று எண்ணினேன்.
கழிக்கு இந்தப்புறம் ஏழு பேர்,
அந்தப்புறமும் ஏழு என்று போட ஆசை. ஐந்துதான்.
அவர் இடக்கையைத்தான் அதிகம் நீட்டினார்.
ஐந்தாகவே இருக்கட்டும்.

கடக்கும்போது கேட்டேன், எப்போதிருந்து?
பதினொரு மணி, மாற்றாள் வரணும்.
பெயர் தத்தாராம். மணி கேட்டார். நாலேகால்.
என் கையிலிருந்த கண்டைப் பார்த்து
கம்பளியா, தண்ணி குடிக்குமே என்றார்.
குடிக்கும் என்றேன்.
மிச்சமிருந்த குளுக்கோஸ் பிஸ்கட்டை நீட்டினேன்.
இரண்டு கையும் கழியில். வாயைத் திறந்தார்.

வீடு சேர எட்டாயிற்று.
கால் கழுவிவிட்டு நாற்பத்திரண்டாவது வரிசை.
சால்வை முடிய எண்பது துளை வரும்;
ஒன்றின் பக்கத்தில் மட்டும்
ஒரே ஒரு கண்ணி சிவப்பு.
சுலக்ஷணா அதைத் தவறென்றுதான் நினைப்பாள்.

இன்னும் கொட்டுகிறது.
மாற்றாள் வந்தாரா தெரியவில்லை.