நான்காவது அலைவரிசை

சமூக மன்றம், இரண்டாம் மாடி.
பல் கிட்டும் குளிர்.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
மலாய் இரண்டில், மாண்டரின் மூன்றில்,
தமிழ் நான்கில்.
நான்கைத் திருகியவர் ஒருவர்தான்:
பள்ளி உணவகத்தில் பரோட்டாக் கடை போடும்
தவமணி.

பொறியாளர் பேசப் பேச
அரை வாக்கியம் பின்னால் ஓடினேன்.
ஆறு தடம், ஒலித்தடுப்புச் சுவர்,
மரங்கள் 'இடம்பெயரும்'.
எங்கே என்று கேட்பது என் வேலையில்லை.
'ஸ்டேக்ஹோல்டர்' என்றார்.
அகராதி பங்குதாரர் என்கிறது,
சொல்லிவிட்டேன்.
தவமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்,
ஏதோ பங்கு வரப்போவதுபோல.

மேசைமேல் நுரைப்பலகைச் சாலை.
நக அளவில் பிளாஸ்டிக் மனிதர்கள்.
ஒருவர் கையிலும் ஒரு பை இல்லை.

கேள்வி நேரம்.
ஒன்பதாம் மாடி கொக் லியோங்
இரைச்சலை டெசிபலில் சொன்னார்.
சைக்கிள் சங்கத்து இளைஞர்
எட்டுப் பக்கம் வாசித்தார்.
பிறகு தவமணி,
ஒலிவாங்கியைக் கரண்டிபோலப் பிடித்து:

"காலைல நாலே முக்காலுக்கு
பன்னெண்டு கிலோ மாவைத் தள்ளுவண்டில வெச்சு
ரோட்டைக் கடக்குறேன்.
பச்சை ஆளு இருபத்திரண்டு எண்ணுவான்.
பதினெட்டுல அந்தப் பக்கம் போயிருவேன்.
உங்க படத்துல
நான் எங்க கடக்குறேன்?"

எங்கள் தொழிலில் ஒரு விதி:
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது.
ஆக, அத்தனை பேர் காதிலும்
என் குரலில், 'நான்' என்று,
மாவோடு கடந்தேன்.
அதே சிக்னலில் காரை நிறுத்தி
அந்தப் பச்சை ஆள் எண்ணி முடிக்கட்டுமென
ஸ்டியரிங்கில் விரல் தட்டுகிறவன்.

பொறியாளர் வரைபடத்தைப் பார்த்தார்.
உண்மையாகவே தேடினார்.
பிறகு ஒரே சொல்: 'நோட்டட்.'
குறித்துக்கொண்டோம், என்றேன்.
குறித்துக்கொண்டால் செய்வார்களா என்று
கூண்டின் கண்ணாடி வழியே
தவமணி என்னைப் பார்த்தார்.
பார்வைகளை நான் மொழிபெயர்ப்பதில்லை.

ஐந்து மாதம் கழித்து இரண்டாம் கூட்டம்.
மழை. பாதி நாற்காலி காலி.
நான்கை யாரும் திருகவில்லை.
காபி குடிக்கப் போயிருக்கலாம், போகவில்லை.
முப்பத்தோராம் படத்தில்
சாலைக்குக் குறுக்கே புதிதாய் ஒரு புள்ளிக்கோடு.
பாலமில்லை, படியில்லை, தரையோடு தரையாக.
பக்கத்தில் பொடி எழுத்தில்:
பரிசீலனையில்.

யாரும் கேட்காத அலைவரிசையில்
அதை மெதுவாக
இரண்டு தடவை சொன்னேன்.