எனக் கொள்க

செங்கலடிச் சந்தியில் வந்து முடிகிற இதே வீதிதான்
எங்கள் லயத்துக்குக் கீழேயும் போகிறது.
ஒரே தார், ஒரே பஸ்.
லுணுகலையில் போட்ட ஸ்வெட்டரை
மகாஓயாவில் கழற்றி இடுப்பில் கட்டினேன்.
இப்போது அது தலையணை.

வந்தாறுமூலையில் அறை.
மூன்று கட்டில், ஒரு மின்விசிறி.
அது எந்தப் பக்கம் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று
முதல் கிழமையே ஒப்பந்தம் எழுதிக் கையொப்பம் வைத்தோம்,
முகாமைத்துவம் படிக்க வந்தவர்கள் அல்லவா.
பேசாலை அன்றோஷினிக்கு வெக்கை பழக்கம்.
தன் பங்குக் காற்றை எனக்கு விற்றாள்,
கிழமைக்கு இரண்டு தரம் சட்டி கழுவும் விலைக்கு.
என் முதல் வியாபாரம்.
நட்டமில்லை.

கிணற்றுத் தண்ணீர் கரிக்கும்.
தேயிலைப் பக்கற்றில் கொழுந்து கிள்ளும் பெண்
எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்க
கோப்பைக்குள் கடல் வந்து நிற்கும்.
"உங்கட ஊர்ப் பேர்லயே உப்பு இருக்கே" என்றாள் சச்சினி,
பிபிலைக்காரி, எங்களிடம் பொறுக்கிய தமிழில்.
"லுணு எண்டா உப்பு. கல எண்டா கல்லு."
இருபது வருடம் அந்தப் பெயரை
உப்பில்லாமல் சொல்லி வந்திருக்கிறேன்.

விரிவுரை எல்லாம் இங்கிலீஷ்.
முதல் மாதம் நான் எழுதவில்லை,
திரையில் இருந்ததைப் பார்த்து வரைந்தேன்.
உயர்தரத்தில் எனக்குப் பழகிய இலாபம்
புரொஃபிட் ஆனதும் முகம் கொடுக்காமல் போனது.
மகாபொலக் காசு இன்னும் வரவில்லை.
வரவேண்டியதையும் சொத்தாகக் காட்டலாம் என்கிறது பாடம்.
கன்ரீன்காரர் அந்தப் பாடம் படிக்கவில்லை.

ஒன்பதாம் கிழமை, வியாபாரக் கணிதம்.
திரையில் ஒரு கணக்கு.
ஒரு தோட்டத் தொழிலாளி நாளுக்கு இருபத்தாறு கிலோ பறிக்கிறார்.
இருபதுக்கு மேலே கிலோவுக்கு இவ்வளவு.
அவர் உழைத்தது எவ்வளவு?

ஆறு கிலோவைப் பெருக்கி
காத்தான்குடி ஹம்தா முதலில் முடித்தாள்.
விடை பலகைக்கு ஏறியது. சரி.
என் கை மேலே நிற்பதை
நான் பிறகுதான் கண்டேன்.
"சேர், தே கட் த்ரீ கிலோ."
யார் என்றார்.
"நிறுக்கிறவங்க சேர். சாக்குக்கு, ஈரத்துக்கு."
இங்கிலீஷ் எந்த இடத்தில் கைவிட்டது என்று தெரியவில்லை.
சிரிப்புக்காகக் காத்திருந்தேன்.
யாரோ பேனையை மூடிய சத்தம்.
சேர் கண்ணாடியைத் துடைத்தார்.
"குட் பொயின்ட். பட், அசியூம் நோ டிடக்‌ஷன்."

கழிவு இல்லை எனக் கொள்க.

கொண்டேன். புள்ளி வேண்டுமே.
ஓரத்தில் பென்சிலால் இன்னொரு விடை,
அழித்தாலும் தடம் தெரிகிற மாதிரி அழுத்தி.

அந்த வெள்ளி ஊருக்குப் போக இருந்தேன்.
மழை விடவில்லை. வீதிக்கு மேல் தண்ணீர், பஸ் இல்லை.
கொடியில் மூன்று நாளாகக் காயாத உடுப்பு,
முற்றத்தில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு மிதந்து போக
அன்றோஷினி அதற்குத் தேய்மானம் கணக்கிட்டாள்.
நான் போன் எடுத்தேன்.

"இன்னிக்கு எத்தன கிலோ வெட்டுனாங்கம்மா?"
"ஏன் புள்ள, பரீச்சையில வருமா?"
"சும்மாதான்."
"மூணு."
"மூண்டா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
அங்கத்தைய மழை மட்டும் கேட்டது.
"என்னா சொன்ன?"
"மூணு" என்றேன். "மூணும்மா."
அதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.
போனைக் கையால் பொத்தி
தங்கச்சியைக் கூப்பிடுவது கேட்டது,
அடுப்பை விட்டுட்டு ஓடியா, இவ பேசுறதக் கேளு என்று.
பிறகு கையை எடுத்து,
"எங்க,
இன்னொரு தடவ சொல்லு."