பூத்து இருபதாம் நாள்

எள் என்பதற்குள் எண்ணெயாய் நிற்பான் என்று
சுறுசுறுப்பானவனைச் சொல்கிறோம்.
எள்ளே அப்படி நிற்பதில்லை.
மானூருக்கு வடக்கே, காற்றாலைகள் சுற்றும் கரிசலில்
நான் கணக்கு வைத்திருக்கிறேன்:
முப்பத்தொரு நாள்.

விடியற்காலை பூ திறக்கும்,
சாயங்காலமே கழன்று விழும்.
அதற்குள் காம்பில் நூல் கட்டி
அட்டையில் தேதி எழுதிவிட வேண்டும்.
பேராச்சிக்கு ஒரு பாத்தி, எனக்கு ஒன்று.
என்னைவிட நாலு வயது சின்னவள்,
டீச்சர் என்று கூப்பிடுவாள்.
நான் டீச்சர் இல்லை,
ஆராய்ச்சிப் பண்ணையில் தற்காலிகம்;
அவள் கூலியைவிட நாளைக்கு
நூற்று நாற்பது ரூபாய் கூட.

மூக்குக்கு இந்தப் பூவை உவமை சொன்னவர்கள்
பூ விழுந்த பிறகு
குனிந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் விதை வெறும் தண்ணீர்.
நகத்தில் வைத்து அழுத்தினால்
வியர்வையோடு கலந்துவிடும்.
பத்தாம் நாள் பச்சை.
காய்த்தோல் வழியே கசியும் வெளிச்சத்தில்
விதையும் கொஞ்சம் இலை வேலை பார்க்கிறது.
மேலே சமைத்த சர்க்கரை
காம்பு வழியே இறங்கி வந்து
முதலில் மாவாகிறது,
அவசரத்துக்கு மாற்றி வைத்த சில்லறை போல.
பிறகு அதுவும் உடைந்து
துளித்துளியாய்
வேறொன்று.

பதினைந்துக்கு மேல்தான் வேகம்.
சிவப்புச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால்
ஒரு செல்லுக்குள் எத்தனை குண்டுமணி!
எள்ளுக்குள்
எள் விழ இடமில்லை.
ஆனாலும் ஒன்று இன்னொன்றில் கலப்பதில்லை,
ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய தோல்.
ஒற்றை அறையில் ஏழு பேரோடு வளர்ந்தவளுக்கு
இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அளக்க ஒரே வழி, அரைப்பது.
பாளையங்கோட்டையில் ஓர் அறை, ஈதர் வாடை,
எட்டு மணி நேரம் கொதித்துக் கரைந்து வடிந்து
கடைசியில் தராசில் ஒரு மினுமினுப்பு.
பத்தாம் நாள் ஐந்து சதவீதம்.
பதினைந்தில் பதினெட்டு.
இருபதில் முப்பத்து நான்கு.
புள்ளிகளை ஒரே கோடாக இணைக்கிறேன்,
ஒரே விதை படியேறிப் போனதுபோல.
பொய்.
இருபதாம் நாள் புள்ளி
இருபத்தொன்றைப் பார்த்ததே இல்லை.
ஒவ்வொன்றும் வேறொரு காய்,
அங்கேயே நின்றுபோனது.

சித்திரை இருபத்தாறு ராத்திரி
காற்றோடு வந்த கோடை மழை
ஏழு வரிசையைச் சாய்த்துப் போட்டது.
அட்டைகளில் மை கரைந்து
எந்தக் காய் என்றைக்குப் பூத்ததென்று
வெறும் நீலக் கறை.
பிச்சுமணி சார் போனில் சொன்னார்:
"தேதி இல்லாத காய் எதுக்கும்மா? விட்டுரு."
விட்டோம்.

சாய்ந்தபடியே நிமிர்ந்துகொண்டன நுனிகள்.
உச்சியில் இன்னும் பூ,
அடியில் காய் பழுக்கிறது.
சர்க்கரையைச் சுமந்து வந்த தண்ணீர்
சுமையை இறக்கி வைத்துவிட்டு
வந்த சுவடில்லாமல் வெளியேறுகிறது.
எண்ணெய் இருக்கிறது.

வைகாசி ஒன்பது, மத்தியானம்,
டிபன் பாக்ஸைத் திறக்கும்போது
அடிக்காய் ஒன்று வெடித்தது.
சத்தம் என்று சொல்ல முடியாது.
"எண்ணெய் எண்ணெய்னு எழுதுதியளே டீச்சர்,
அது நமக்கா சேத்து வச்சிருக்கு?
மண்ணுக்குள்ள போற பிள்ளைக்குல்லா கட்டுச்சோறு!
எல வெளிய வார வரைக்கும்
இருட்டுல எதத் திங்கும்?"
சொல்லிவிட்டு
நல்லெண்ணெய் பளபளக்கும் புளிச்சோற்றில்
அடுத்த கவளத்தை உருட்டினாள் பேராச்சி.

அறிக்கையில் அந்த ஏழு வரிசை ஒரே வரி:
மழையால் சேதம், கணக்கில் சேர்க்கவில்லை.

ஐப்பசியில் வேறு வேலையாய் அந்தப் பக்கம் போனேன்.
உழாத ஓரத்தில்
இரண்டிரண்டு இலையாய் முளைத்துக் கிடந்தன,
யாரும் தேதி கட்டாதவை.
பழக்கதோஷம்.
ஒன்றைப் பிடுங்கி நகத்தில் வைத்து அழுத்தினேன்.

தண்ணீர்.