மேஸ்திரி அறை வாசல்

அவர் பெயரே அதுதான், மிஸ்டர் மேஸ்திரி.
கரும்புத் தோட்டத்தில் எவனோ ஒருவன்
யாரையோ வேலை வாங்கியதற்கு
பதிவேட்டில் ஏறிய பட்டம்
நாலு தலைமுறை தாண்டி வந்து
கதவில் பித்தளையாய் மின்னியது.
அதற்கடியில் பொடி எழுத்தில்:
வழிகாட்டி ஆசிரியர்.

வெளியே ஒரு பெஞ்சு.
மெட்ரிக் வகுப்பு, செப்டம்பர் மாதம்,
பன்னிரண்டு பேர்.
காற்று எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து திரும்பினால்
மெரிபேங்க் முழுக்க அழுகிய முட்டை வாடை.
கெவின் தம்பிரான் மருந்துக் குழலை உறிஞ்சுவான்.
ஒருவர் உள்ளே போகப் போக
மற்றவர்கள் நகர்ந்து நகர்ந்தே
பலகையை வழவழப்பாக்கிவிட்டோம்.

"நில அளவையா?"
பீன்ஸ் கறி அடைத்த கால் ரொட்டியைக்
கீழே வைத்து விரலை நக்கினார்.
"வெயிலில் முக்காலி சுமந்து
ஊரான் வேலியில் நிற்கப் போகிறாயா?
ஆசிரியப் பயிற்சி போடு, கோவாஷ்னி.
மதியம் ரெண்டு மணிக்கு வீட்டில் இருக்கலாம்."

படிவத்தில் ஆறு கட்டங்கள்.
முதல் கட்டத்தை அவரே பென்சிலால் நிரப்பினார்.
என்னுடையது ஆறாவதில்,
டாக்சியில் கடைசியாக ஏறியவள் மாதிரி
பாதி உட்கார்ந்து, பாதி தொங்கிக்கொண்டு.

அவரிடம் நான் சொல்லவில்லை:
போன வருஷம் சாக்கடைக்கு அளவெடுக்க வந்தவர்
ஒரு நிமிஷம் குழாய்க்குள் பார்க்கவிட்டார்.
ஒரு கண்ணை மூடினேன்.
ஆலையின் புகைபோக்கி
தலைகீழாக, சத்தமில்லாமல்,
ஒரு முடியிழையில் தொங்கிக்கொண்டிருந்தது.
அதை அப்படி யாரும் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

பள்ளி முத்திரை இழுப்பறைக்குள்.
சாவி அவர் சட்டைப்பையில்.
நீல மை ஆகாது என்றார்.
கறுப்பில் எழுதிக்கொண்டு போனேன்,
பச்சை அடையாளப் புத்தகத்தின் நகலுக்குப்
போலீஸ் நிலையச் சான்று எங்கே என்றார்.
சான்றோடு போன அன்று அவருக்குப் பல்வலி.
அப்புறம் ஒரு பொது விடுமுறை வந்தது.
தையல் ஆலையிலிருந்து வந்து
செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா கேட்டாள்:
"அந்த மனுஷனுக்கு என்னதான் வேணுமாம்?"
எனக்குத் தெரியவில்லை.
அவருக்கும் தெரிந்திருக்காது.

இருபத்தொன்பதாம் தேதி,
கூலி கொடுப்பவர்போல முத்திரையை எடுத்தார்.
பென்சிலை நான் அழித்திருந்தேன்.
முதல் கட்டத்தில் கறுப்பு மையில் என் கையெழுத்து.
பார்த்தார், அல்லது பார்க்கவில்லை.
கடிகாரம் ரெண்டைத் தொடப் போய்க்கொண்டிருந்தது.
மைத்தட்டு உலர்ந்திருக்க, எச்சில் தொட்டுத் தேய்த்து
ஓங்கிக் குத்தினார்.
பள்ளியின் பெயரில் பாதிதான் விழுந்தது,
அதுவும் சாய்ந்து.

மறுநாள் கடைசி நாள்.
ரெண்டு டாக்சி மாறி
விண்ணப்ப அலுவலகத்தின் ஜன்னலுக்குப் போனேன்.
ஹ்லெங்கிவே என்று மார்பில் எழுதியிருந்த பெண்
தாளைப் புரட்டினாள்.
"இது என்ன கறை?"
பள்ளி முத்திரை என்றேன்.
"அதை நாங்கள் கேட்பதே இல்லையே,"
என்று தன் தேதி முத்திரையை
டொக் என்று வைத்து
எனக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தாள்.

அழுகை வரவில்லை.
சிரிப்பும் இல்லை.
தொண்டையில் ஏதோ ரொட்டித் துண்டு போல.

பதினொரு மணிக்குப் பள்ளி.
பெஞ்சில் இன்னும் ஏழு பேர்.
"முத்திரை வேண்டாமாம்," என்றேன்.
யாரும் நம்பவில்லை.
என் ரசீதைக் கையோடு கை மாற்றிப் படித்தார்கள்.
பிறகு கெவின் எழுந்தான்,
பெஞ்சின் மறுமுனை ஆடியது.
அவன் மாமாவின் மீன் வண்டியில்
ஏழு படிவங்களும் காரல் மீன் வாடையோடு
நாலு மணிக்கு முன் போய்ச் சேர்ந்ததாக
பிற்பாடு தெரிந்தது.

எனக்குக் கால் வலித்தது.
காலி பெஞ்சில், நட்டநடுவில், உட்கார்ந்தேன்.

கதவு திறந்தது.
"அடுத்தது யார்?"
கட்டைவிரலில் மை, கையில் சாவி.
வழியெல்லாம் நிறைய ஒத்திகை பார்த்திருந்தேன்.
"யாருமில்லை, சார்."

பெஞ்சைப் பார்த்தார். நடையைப் பார்த்தார்.
கதவைச் சாத்திக்கொண்டார்.
உள்ளே இழுப்பறை பூட்டும் சத்தம்.
கொஞ்சம் கழித்து
திறக்கும் சத்தம்.