நாலாயிரத்துக்கு மேலே

வெள்ளிக்கிழமை. நவ்பர் ஜும்மாவுக்குப் போய்விட்டான்.
கராஜ் தகரத்தில் ஹட்டன் மழை.
வால்வு கவர் கழற்றிய மாருதி
மூளை தெரியக் கிடக்கிறது.
என் கையில் பழைய கேம் ஷாஃப்ட்:
எண்ணெய் வழுக்கும் ஒரு முழ இரும்பு,
அதில் ஆறு முட்டை,
ஒன்றரை லட்சம் கிலோமீற்றர் சுற்றியும்
எதையும் பொரிக்காதவை.

புதியது பஞ்சிகாவத்தையில் வாங்கியது,
இரண்டு மாத டியூஷன் காசு.
முட்டைகள் கொஞ்சம் உயரம், கொஞ்சம் பருமன்.
"நகக்கண் அளவு வித்தியாசம்.
இதுக்கா டீச்சர் இவ்வளவும்?"
இதுக்குத்தான்.

பெற்றோல் வரிசையில் மூன்று நாள்
இந்த வண்டியைத் தள்ளியே நகர்த்தினேன்.
கதவைத் திறந்து, ஒரு கை ஸ்டியரிங்கில்,
தோளைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து
மல்லியப்பு சந்தியிலிருந்து அடி அடியாக.
மூன்றாம் இரவு, எனக்கு முன்னால் ஏழே வண்டி,
'முடிந்தது' என்று பலகை வைத்தார்கள்.
ஒருவரும் கத்தவில்லை. நானும்.
அப்போது பொனட்டில் கைவைத்துச் சொன்னேன்,
ஒரு நாளைக்கு நீயாவது.

பீலர் கேஜின் தகட்டை ரொக்கருக்கு அடியில் விடுகிறேன்.
போக வேண்டும், ஆனால் இழுபட்டுப் போக வேண்டும்,
கடன் கேட்டவன் கையில் காசு போவதுபோல.
ஆறு வால்வு. நாலாவதில் இரண்டு தரம் பிழைத்தேன்.

நவ்பர் தொப்பியைக் கழற்றாமலே குனிந்து பார்த்தான்.
"பெல்ட் ஒரு பல்லு தள்ளி."
திரும்பக் கழற்றினோம்.

பிறகு இருபது நிமிடம்
இரண்டாயிரத்துக்குக் கீழே விடக்கூடாது.
புது இரும்பும் பழைய இரும்பும்
ஒன்றையொன்று தேய்த்துப் பழகும் நேரம்.
டாஷில் ஒட்டிய மீற்றரைப் பார்த்தபடி
பெடலில் கால். பேச முடியாத இரைச்சல்.
எதிர்க்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

காலை எடுத்ததும்
தடக், தட, தடக்.
நெஞ்சு தடுமாறும் ஓட்டம்.
உள்ளே வரும் வாசலும் வெளியே போகும் வாசலும்
ஒரு கணம் சேர்ந்தே திறந்திருக்கின்றன;
யார் வருகிறார், யார் போகிறார் என்று தெரியாத
வீடு மாறும் நாள் அது.

திங்கள், பொகவந்தலாவை வகுப்பு.
பின்சீட்டில் மூன்று பிள்ளைகள், முன்னால் ஒன்று.
நோர்வூட் தாண்டிய ஏற்றத்தில்
இரண்டாம் கியரில் செத்தது.
பின்னால் இ.போ.ச. பஸ் ஹோர்ன் அடித்தது.
முதலாம் கியர், அரை கிளச், கருகும் மணம்.
முறுக்குவிசை வளைவைக்
கரும்பலகையில் எத்தனை தரம் வரைந்திருப்பேன்!
மலைக்கு வேண்டியது கீழே; நான் வாங்கியது மேலே.
தெரிந்தேதான் மாட்டினேன்.

லயத்து வாசலில் தர்ஷிகாவின் அப்பா
"வண்டிக்குச் சளி புடிச்சிருச்சா டீச்சர்?" என்றார்.
இஞ்சி போடுங்கள் என்று சிரிப்பு வேறு.

ஞாயிறு விடிய ஐந்தரை.
காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய ரோடு. நான் மட்டும்.
இரண்டாம் கியர். மூவாயிரம், ஒன்றுமில்லை.
மூவாயிரத்து எண்ணூறு,
தொண்டையைச் செருமுகிறது.
நாலாயிரம்.

என்னென்று சொல்ல!
தண்ணீருக்கு அந்தப் பக்கத்து மலை திருப்பிக் கத்தியது.
முதுகு சீட்டில் ஒட்டியது.
எண்ணூறு சீசி, அரிசி வாங்கப் போகும் வண்டி,
அப்படிக் கத்தியது.
முந்நூறு மீற்றர் இருக்கும்.
இந்த ஊரில் நேர் ரோடு அவ்வளவுதான்.
வளைவில் பால் கொண்டுபோகிறவர்
கானை ஓரத்தில் இறக்கிவைத்துவிட்டு
என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.
பிரேக்.

நவ்பர் கேட்கிறான், பழசை எப்போது திருப்பி மாட்டுவது?
அடுத்த மாதம் என்கிறேன்.
போன மாதமும் அடுத்த மாதம்தான்.

பேப்பரில் சுற்றி டிக்கிக்குள் கிடக்கிறது அது.
ஒவ்வொரு வளைவிலும் உருண்டு
கதவைத் தட்டுகிறது.