முத்திரையின் பின்பக்கம்

"சுகமாய் இருக்கிறன். தேட வேண்டாம்."
எழுத்துக் கோணிக் கிடந்தது.
காய்ச்சலோட எழுதியிருப்பாள் என்றா அம்மா.
நாங்களும் தலையாட்டினோம்.

இருபத்தாறு வருடம்
கடிதமும் எங்களோடு இடம்பெயர்ந்தது.
கூரைத் தகரத்தை விட்டோம், மாட்டை விட்டோம்,
பொலித்தீனில் சுற்றிய அதை விடவில்லை.

ஒட்டுசுட்டானுக்கு அப்பால்
பாழ்கிணறு இறைத்தபோது மூன்று மண்டையோடு.
ஒன்றில் அக்காவின் தெத்துப்பல்.
மற்ற இரண்டு வீட்டிலும்
இதே கடிதம், இதே கோணல்.

கொழும்பில் வெள்ளைக் கையுறை போட்ட ஒருத்தி
முத்திரையை ஆவியில் பிரித்தாளாம்.
நாக்கால் நனைத்து ஒட்டியவனின் எச்சில்
பசைக்குள் இன்னும் இருந்ததாம்.

முள்ளிவாய்க்காலில் தொலைந்த தம்பியைத் தேட
கன்னத்துள் பஞ்சு உருட்டிக் கொடுத்திருந்தாள்
புவனலோஜினி.
பெற்றவனைக் காட்டிவிட்டது பஞ்சு.

போன கிழமையும் எங்களுக்கு
நெல் குத்தித் தந்த மனிசன்.
தவிட்டுக்குக் காசு வாங்கவில்லை.

போராட்டக் கொட்டிலில் என் பக்கத்துக் கதிரை அவளுடையது.
இன்றைக்கு வரவில்லை.
தம்பியின் படம் மட்டும்
கம்பியில் ஆடுகிறது.
அதைக் கழற்ற எவருக்கும் கை வரவில்லை.

அம்மா கேட்கிறா:
"கடிதத்தைத் திருப்பித் தருவினமோ?"