அங்கியின் ஓரம்

சகோதரர் டெட்மார் காசைத் தொடமாட்டார்.
சபையின் விதி அது.
ரொட்டி தொடலாம், மீன் தொடலாம்,
நுரை அடங்காத பியர்க் குவளையைத் தாராளமாகத் தொடலாம்.
காசு விழும்போது மட்டும்
இரு கைகளும் அங்கிக்குள் ஒளிந்துகொள்ளும்.
தொடுவதற்கு நான்.
தீடெக்கே, தோல் பதனிடுபவனின் நான்காம் மகன்.
பை சுமக்க வைத்திருந்தார்கள்.

விஸ்மார் நகரில் அப்போது
வாசலுக்கு வாசல் மோட்சம் வந்து நிற்கும்.
விடிந்ததும் நாங்கள், சாம்பல் நிறத்தில்.
தெருமுனை திரும்புவதற்குள் கறுப்பு அங்கிக்காரர்கள்.
உப்புத் தெரு அவர்களுக்கு, மீன் துறை எங்களுக்கு என்று
முத்திரை வைத்து எழுதியிருந்தும்
பாலத்தடியில் ஒரு பன்றித் தொடைக்காக
இரண்டு சபைகளும் இலத்தீனில் வைதுகொண்டதைக் கேட்டிருக்கிறேன்.
எனக்கு இலத்தீன் தெரியாது.
புரிந்தது.

பங்குச்சாமி ஏலர் எங்களைக் கண்டால்
பிரசங்கத்தை நிறுத்திவிட்டு இருமுவார்.
மந்தை அவருடையதாம்,
பால் எங்கள் வாளியில் விழுகிறதாம்.

நான் எடுத்தேன்.
பத்து வீட்டுக்கு ஒரு காசு,
பூனை நக்குகிற அளவு.
வைக்க இடம்தான் இல்லை.
மடத்தில் என் வைக்கோலை உதறிப் பார்ப்பார்கள்,
செருப்பைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள்.
காசையே தொடாதவரை யார் சோதிப்பார்கள்?
கிழிசல் தைத்துத் தருகிறேன் என்று வாங்கி
அவர் அங்கியின் ஓரமடிப்பில்
ஒன்றோடொன்று உரசாமல், இடையில் கம்பளி வைத்து,
மெழுகு நூலால் இரட்டைத் தையல்.
பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவேண்டிய ஆளும் அவர்தான்.
கெட்ட நினைவு வந்தது என்று மட்டும் சொல்வேன்.
நான்கு வருடம்
தினமும் கொஞ்சம் பணக்காரராகிக்கொண்டே
பனியில் வெறுங்காலோடு நடந்தார்.

பிறகு மார்க்வார்ட் சாகக் கிடந்தான்.
அவன் பீப்பாய்களை ஊர் அறியும்:
மேலே இரண்டு அடுக்கு கொழுத்த ஹெர்ரிங்,
அடியில் வாலும் செதிளும்.
சாம்பல் அங்கியில் புதைந்தால்
உத்தரிக்கிற ஸ்தலத்தில் நாள் குறையும் என்று கேள்விப்பட்டிருந்தான்.
புது அங்கி வேண்டாமாம்.
உண்மையாகவே பிச்சையெடுத்த அங்கி,
வியர்வை ஊறியது, ஒட்டுப்போட்டது.
சரக்கின் தரம் தெரிந்தவன்.
மடத்துக் கூரை முழுவதற்கும் ஓடு தருவதாகச் சொன்னான்.
மடத்தலைவர் டெட்மாரைப் பார்த்தார்.
இடுப்புக் கயிற்றில் மூன்று முடிச்சு,
கீழ்ப்படிதல் அதில் ஒன்று.

அவர் கழற்றிக் கொடுத்தபோது
துவைத்துத் தருகிறேன் என்று ஓடினேன்.
அப்படியே இருக்கட்டும் என்றாள்
மார்க்வார்டின் மனைவி வோப்பெக்கே.
அழுக்குக்கும் சேர்த்துத்தானே ஓடு.

அடக்கத்தில் ஏலர்
காணிக்கையில் கால் பங்கு கேட்டு வாங்கினார்.
மெழுகுவர்த்தியிலும் கால் பங்கு, கத்தியால் நறுக்கி.
கல் மூடியது.
ஏழ்மை உடுத்திப் போனான் மார்க்வார்ட்,
நாற்பத்தொரு வெள்ளிக் காசோடு,
அவன் பீப்பாயைப் போலவே
அடியில் வேறு சரக்கு.

மறுநாள் மீன் துறை.
புது அங்கி விறைத்து நின்றது அவர்மேல்.
இரண்டு வாசல் கடந்தபின்
“இலேசாக இருக்கிறது, தீடெக்கே” என்றார்.
“கணுக்காலில் தட்டுவதே இல்லை.”

நான் பையைத் தோள் மாற்றினேன்.
வலை பின்னுகிறவள் ஒரு காசு நீட்டினாள்.
அவர் கைகள் உள்ளே போயின.
பைக்குள் அது விழும் சத்தம் கேட்கும்வரை
அடுத்த அடி எடுத்து வைக்கவில்லை.